இடப்பக்கம் சாய்ந்த குரல்

டோக்கியோ, அகிஹபாரா
20 ஏப்ரல் 2006

மிசாவோ அண்ணிக்கு,

ததாயுகியின் வணக்கம். இங்கே செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து தெருவில் மிதிபட்டுக் கிடக்கிறது. மொரியோக்காவில் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அண்ணன் போன செய்தி உங்கள் அஞ்சலட்டையில்தான் எனக்குத் தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பதினேழு வருஷம் பேசாமல் இருந்தவன் நான்.

சண்டை எதற்கென்று அவர் உங்களிடம் சொன்னாரோ என்னவோ. ஒரு வால்யூம் குமிழுக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். 1989-இல் அவருக்கு ஒரு ப்ரீஆம்ப், ரெக்கார்டின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, செய்து கொடுத்தேன். அந்தப் பெட்டியில் மற்றதையெல்லாம் எவனும் செய்துவிடுவான், வால்யூமைப் பொறுக்குவதில்தான் இருக்கிறது வித்தை. இருபது கார்பன் வால்யூம் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் காதாலும் மீட்டராலும் சோதித்தேன். இடமும் வலமும் கடைசிவரை ஒத்துப்போனது ஒன்றே ஒன்று. அதற்குச் சிவப்புப் பொட்டு வைத்து, பெருமைக்காக இருபதையும் அனுப்பினேன். அவரே பொருத்திக்கொள்வார், அந்த வேலை அவருக்கும் தெரியும். அவர் பத்தொன்பதைத் திருப்பி அனுப்பினார். சிவப்புப் பொட்டும் அதில் இருந்தது. வைத்துக்கொண்டது இருபதிலும் மட்டமானதை.

"ஏண்ணே, நல்லதைத் திருப்பிட்டு நொள்ளையை வெச்சிருக்கே?" என்று போனில் கேட்டேன். "எனக்கு இதான்டா நல்லா இருக்கு" என்று சிரித்தார். "காதில்லாத ஆளுக்கு இனிமே நான் பெட்டி செய்யறதா இல்ல" என்று போனை வைத்தேன். அவ்வளவுதான்.

ஊதுபத்தி ஏற்ற வரவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்ய விரும்புகிறேன். பெட்டியை அனுப்புங்கள். அந்தக் கார்பனை எடுத்துவிட்டு, என் கையால் படி வால்யூம் கட்டிப் போட்டுத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ததாயுகி


மொரியோக்கா
9 மே 2006

ததாயுகித் தம்பிக்கு,

இங்கே பூ வந்தது, நாலு நாளில் காற்று கொண்டுபோய்விட்டது. நான் சௌக்கியம். நாற்பத்தொன்பதாம் நாள் முடிந்தது, அவருடைய சாம்பலைக் கல்லறையில் வைத்துவிட்டோம். உங்கள் கை நடுங்காமல் இருக்கிறதா? அந்தத் தொழிலுக்குக் கைதானே எல்லாம்.

பெட்டியை இன்று அனுப்பிவிட்டேன். சுற்றியிருப்பது அவருடைய கம்பளிச் சட்டை, அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் அதைப் போடுவார். நீர்வாரியத்தில் வேலை பார்த்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஞாயிறு மட்டும்தான். எப்போதும் மெதுவாகத்தான் வைப்பார். வருஷத்துக்கு வருஷம் இன்னும் குறைத்தார். கடைசியில் நான் சமையலறையில் அரிசி களைந்தால் பாட்டு அமுங்கிவிடும். அரிசியை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன்.

சண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. "தம்பி வேலையா இருப்பான்" என்பார். புதியதைப் போடுங்கள். பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மழைக்காலம் வருகிறது, நனையாதீர்கள்.
மிசாவோ


டோக்கியோ
3 ஜூன் 2006

அண்ணிக்கு,

வணக்கம். புழுக்கம் தொடங்கிவிட்டது. நான் நலம், கையும் நலம்.

பெட்டி இன்று புறப்படுகிறது. சட்டையும் உள்ளே இருக்கிறது. இருபத்து மூன்று படிகள், ஒவ்வொரு படிக்கும் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று நாற்பத்தாறு ரெசிஸ்டர். நானூற்றில் பொறுக்கியவை. கார்பனில் கரி பூசிய பட்டையின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டு ஓடும், போகப்போகத் தேயும். இதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. திருகினால் டக் டக்கென்று ஏறும், இறங்கும். எந்தப் படியிலும் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை மாறாது.

பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். குறைக்கக் குறைக்க அது இடப்பக்கம் சாய்கிறது. அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் இடது பக்கம் ஆறு டெசிபல் கூட! அரை டெசிபல் மாறினாலே நான் குப்பையில் போடுகிறவன். பதினேழு வருஷமாகப் பாட்டுக்காரியை அவர் இடது ஸ்பீக்கருக்குள் அடைத்தே வைத்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், மேஜையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜெயித்தது நான்தானே.

பழையது இங்கே இருக்கிறது.
ததாயுகி


மொரியோக்கா
25 ஜூன் 2006

ததாயுகித் தம்பிக்கு,

இங்கே விடாத மழை. நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பெட்டி பழுதில்லாமல் வந்தது. எந்தப் படியிலும் ஒரு பிசகில்லை, அப்படி ஒரு வேலை. நன்றி.

இதற்கு மேல் எழுதுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு காலை அவர் வழக்கமாகப் போடும் ரெக்கார்டைப் போட்டேன். அந்தப் பெண் நேர் நடுவில் வந்து நின்றாள். என்னைப் பார்த்துப் பாடினாள். பயமாகிவிட்டது, எழுந்து அணைத்தேன். அவள் இத்தனை வருஷமும் இடப்பக்கம் நின்று பாடியவள். சாய்வாகத்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அவருக்கு அவள் நடுவில் நின்றாள். அவருக்கு இடது காது மந்தம், தம்பி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனதாம். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

எனக்குச் சாய்ந்தும் அவருக்கு நேராகவும் ஒரே பாட்டை இரண்டு பேரும் கேட்டோம். இடப்பக்கம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் அவர் காது இருக்கிறது என்று தோன்றும். அவர் போன பிறகும் தோன்றியது. ஏப்ரல் முழுக்க ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக இல்லை. இப்போது தனியாக இருக்கிறேன்.

பழையதைத் திரும்பப் போட்டுத் தாருங்கள். அவர் இந்த வீட்டில் இருப்பது அதில்தான்.

உங்கள் உழைப்பை அவமதிப்பதாக எண்ண வேண்டாம்.
மிசாவோ


டோக்கியோ
12 ஆகஸ்ட் 2006

அண்ணிக்கு,

வணக்கம். ஏழு வாரம் பதில் எழுதாதது தவறு. வெயில் கொளுத்துகிறது. நாளை ஓபோன், அண்ணனுக்காக வாசலில் விளக்கு வைத்திருப்பீர்கள். போனவர்கள் ஏறிவர வெள்ளரிக்காயில் குதிரை செய்து நானும் வைத்திருக்கிறேன், கடை மேஜைமேல். வாழ்நாளில் முதல் தடவை.

பழையதைத் தர முடியாது. அதை ரம்பத்தால் அறுத்துவிட்டேன். அண்ணன் அதில் என்னத்தைக் கண்டார் என்று பார்க்க ஜூன் மாதமே இரண்டாகப் பிளந்தேன். "இங்கே இருக்கிறது" என்று எழுதினேனே, துண்டுகளாக இருக்கிறது. கரிப்பட்டையில் ஒரே ஓர் இடம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது, சத்தம் குறையும் அடியோரத்தில். அதை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சிரித்தேன். உங்கள் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

இப்போது புரிகிறது. அந்தக் கார்பன் குறைக்கும்போதுதான் இடப்பக்கம் சாயும். காது மோசமாக ஆக, அவருக்கு இன்னும் சாய்வு தேவைப்பட்டிருக்கிறது. அதனால் இன்னும் குறைத்திருக்கிறார். காது கேட்காத மனிதர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார், அண்ணி. பெட்டி செய்தபோது, இடத்தையும் வலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க "பேலன்ஸ் குமிழ் ஒண்ணு வைடா" என்று கேட்டார். "ஒழுங்கா செஞ்ச பெட்டிக்கு அது எதுக்கு? உன் காது என்ன கோணலா?" என்று கேட்டவன் நான். "அதுவும் சரிதான்" என்றார்.

காய்ச்சல் என்றா சொன்னார்? எந்த வயதில் என்று சொன்னாரா? காய்ச்சல் என்றேதான் சொன்னாரா?

பெட்டியைத் திரும்ப அனுப்புங்கள். நீர்வாரியத்தில் வருஷாவருஷம் உடல் பரிசோதனை உண்டல்லவா, காதுக்கும் எண் போட்டிருப்பார்கள். அந்தத் தாள்கள் இருந்தால் அவையும் வேண்டும். அவர் காதுக்கு அளவெடுத்தே ஒன்று கட்டுகிறேன்.

ததாயுகி


மொரியோக்கா
2 செப்டம்பர் 2006

ததாயுகித் தம்பிக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

பெட்டியும் தாள்களும் அனுப்பியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத் தாள்கள். காய்ச்சல் என்றுதான் சொன்னார். கடைசித் தாள் போன வருஷம் எடுத்தது. அதில் இடது காதுக்கு எதிரே எண் இல்லை, "கேட்கவில்லை" என்று இருக்கிறது. இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.
மிசாவோ


டோக்கியோ
28 அக்டோபர் 2006

அண்ணிக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை, நலம்தானே? அங்கே ஆப்பிள் அறுவடை முடிந்திருக்கும்.

வால்யூம் முடிந்தது, பெட்டி நாளை புறப்படுகிறது. எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். இடது காதில் மெழுகுப் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அண்ணனுடைய பழைய தாளில் உள்ள எண் வரும்வரை அடைத்தேன், பிறகு அடுத்த வருஷத் தாள், அதற்கடுத்தது. கடைசித் தாளுக்குப் பஞ்சு போதவில்லை, மேலே உள்ளங்கையையும் வைத்து அழுத்தினேன். பாட்டுக்காரி நடுவில் வந்து நிற்கும்வரை படிபடியாக ரெசிஸ்டரை மாற்றினேன். ஆறு வாரம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நாற்பத்தாறைப் பொறுக்குவது, ஒத்துப்போவதைப் பொறுக்குவதைவிடக் கஷ்டம். கடைசி வருஷத்துக் காதுக்கே கட்டியிருக்கிறேன். அந்தக் கார்பனால் அவ்வளவு கொடுத்திருக்க முடியாது. போன வருஷம் அவருக்கு அவள் நடுவில் நிற்கவே இல்லை.

ஒன்று நடந்தது. பஞ்சை எடுத்த பிறகும் எனக்கு எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தே கேட்கிறது. ஒரு பல் டாக்டருக்குச் செய்த பெட்டியைக் காதால் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் மறுநாளே தூக்கிக்கொண்டு வந்து, "என்னங்க, இடது பக்கம் அடிக்குதே? உங்க கையில இருந்தா இப்படி?" என்றார். மீட்டரில் பார்த்தால் அவர் சொன்னது சரி. காது டாக்டரிடம் போனேன். "ரெண்டும் ஒண்ணா இருக்கு, இந்த வயசுக்கு அபூர்வம்" என்று பாராட்டினார். வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். ரயில் சத்தம் வலப்பக்கம் மட்டும் கேட்டது. பயமாக இருக்கிறது, அண்ணி. அந்தக் காது என்னிடம் வந்துவிட்டது.

ததாயுகி


டோக்கியோ
25 நவம்பர் 2006

அண்ணிக்கு,

நலம்தானே? பெட்டி வந்து சேர்ந்ததா? கூரியர்காரன் சேர்ந்துவிட்டது என்கிறான். அவள் இடப்பக்கம் போனாளா என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ததாயுகி


(அச்சிட்ட அஞ்சலட்டை, 8 டிசம்பர் 2006)

இவ்வாண்டு மார்ச்சில் என் கணவர் ஷிகெனோபு ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்ததால், துக்கம் கருதிப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதைத் தவிர்க்கிறேன். சென்ற ஆண்டுகளில் காட்டிய அன்புக்கு நன்றி.

(ஓரத்தில் கையெழுத்தில்)

தம்பி, பெட்டி வந்தது. அவள் இடப்பக்கம் போனாள். முன்பு நின்ற இடத்தையும் தாண்டி, சுவரோரம் போய் நின்றாள். அங்கேதான் அவருடைய பூஜை மாடம் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்திலிருந்து பாடுகிறாள். தினமும் கேட்கிறேன். பயம் இல்லை. உங்கள் காது குணமாகட்டும். மி.


டோக்கியோ
20 ஜனவரி 2007

அண்ணிக்கு,

துக்க ஆண்டு என்பதால் வாழ்த்தில்லாமல் தொடங்குகிறேன். குளிர் எப்படி இருக்கிறது? கூரைப் பனியைத் தள்ள ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும். காய்ச்சலா, எந்த வயதில் என்று சுற்றிச்சுற்றிக் கேட்டேன். எனக்கு விடை தெரியும்.

1962 குளிர்காலம், சென்டாயில் எங்கள் வீடு. அண்ணனுக்குப் பதினைந்து, எனக்குப் பதினொன்று. பழைய சாமான் கடையில் பொறுக்கிய வால்வுகளை வைத்து அவர் ஒரு ரேடியோ கட்டினார். பட்டாளத்து ஹெட்போன் ஒன்று இருந்தது. வலப்பக்கக் கம்பி அறுந்துவிட்டது, இடது மட்டும் வேலை செய்யும். எங்கோ தூரத்து நிலையம் ஒன்று ஈ முனகுவதுபோலக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சூண்டு கூட்டுடா" என்றார். நான் குமிழை முழுக்கத் திருகினேன். விளையாட்டுக்கு. வேறு காரணமே இல்லை, அண்ணி. அவர் துள்ளியதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

இரண்டு நாள் காதைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். "உள்ளே தேனீ சுத்துதுடா. அம்மாகிட்ட சொல்லாதே, காய்ச்சல்னு சொல்லிக்கறேன்" என்றார். பிறகு எழுந்து பள்ளிக்கூடம் போனார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மறந்தேபோனேன்.

பேலன்ஸ் குமிழ் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காதில்லாத ஆள் என்று நான் கத்தியபோது சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போனை எடுத்து, "நீ கெடுத்த காதுடா இது" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் நான் காலில் விழுந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரைச் செவிடாக்கிவிட்டு, செவிடு என்று திட்டி, செத்த பிறகு அவர் காதையும் ரம்பத்தால் அறுத்திருக்கிறேன்.

முதலாண்டு நினைவு நாளுக்கு நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ததாயுகி


மொரியோக்கா
1 மார்ச் 2007

ததாயுகித் தம்பிக்கு,

பனி இன்னும் விட்டபாடில்லை. கூரையில் இருந்ததை ஆள் வைத்துத் தள்ளினேன். நீங்கள் நலமா என்று கேட்கவே எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று நீங்கள் எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். இருபத்தெட்டு வருஷம் நான் அவருக்கு வலப்பக்கமே நடந்தேன், வலப்பக்கமே உட்கார்ந்தேன், வலப்பக்கமே படுத்தேன். காய்ச்சலைத் திட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேச்சு அவரிடம் போய்ச் சேராமல் போயிருக்கிறது. அது உங்கள் விளையாட்டால் என்றால் கோபம் வராதா? இன்னும் இருக்கிறது.

ஆனால் உங்களை வராதே என்று சொல்ல என்னால் முடியாது. காரணம் சொல்கிறேன். செப்டம்பரில் அந்தத் தாளில் "கேட்கவில்லை" என்று பார்த்ததும் பேனாவை வைத்தேனே, அந்தக் காரணம்தான்.

அவர் போனதற்கு முந்தைய நாள், மதியம், ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு ஓர் எண்ணைச் சொன்னார். ஓர் இலக்கம்கூடத் தடுமாறவில்லை. உங்கள் கடை எண். "தம்பிகிட்ட பேசணும்" என்றார். அழுத்தினேன். மணி அடித்தது. மூச்சுத் திணறலுக்காக அவரை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள், வலது காது தலையணைக்குள் இருந்தது. நான் போனை மேலே தெரிந்த காதில் வைத்தேன். இத்தனை வருஷப் பழக்கமும் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்றோ.

நீங்கள் எடுத்தீர்கள், அவருக்குத் தலையசைத்துக் காட்டினேன். உங்கள் குரல் எனக்கே கேட்டது. "ஹலோ, யாருங்க? ஹலோ... பேசுங்க. கையில சால்டரிங் இருக்கு. யாரா இருந்தாலும் சொல்லுங்க, கேட்கிறேன்." கொஞ்ச நேரம் காத்திருந்துதான் வைத்தீர்கள். அவர் உங்கள் குரலுக்காகக் காத்திருந்தார். அவராகப் பேச மூச்சு இல்லை, நீங்கள் பேசினால் பதில் சொல்லலாம் என்று இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "எடுத்துட்டுப் பேசவே மாட்டேங்கறான். இன்னும் கோபம் தீரல போல" என்றார்.

உங்கள் அவசரப் பேச்சைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான், "விடுங்க, அவர் எப்பவும் அப்படித்தானே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

கோபத்தோடு இருக்கும் தம்பி என்று நினைத்துக்கொண்டே அவர் போனார். நீங்கள் கேட்கிறேன் என்று சொல்லிக் காத்திருந்தீர்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவள் நான். இதை உங்களிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்கவும் பயம்.

நினைவு நாள் பூஜை பதினோராம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு. வாருங்கள். புத்த பிட்சு போன பிறகு நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன், நீங்கள் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு அவர் காத்திருந்ததைப் பேசிவிடுங்கள். படத்துக்கு வலது காதுப் பக்கமாக உட்காருங்கள்.

ரயில் நிலையத்தில் பனி வழுக்கும், நல்ல பூட்ஸாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.
மிசாவோ